கட்டிலுக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை

மாதம் பிறந்தால் வீட்டு வாடகை, மளிகைக் கடை பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் என்று கணக்குப் போடுவது மும்பைத் தமிழர் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. இந்தக் கணக்கில் அண்மைக் காலமாக மற்றொரு செலவும் நிலையாக இடம் பிடித்துக்கொண்டுவிட்டது. வீட்டிலுள்ள பெரியவர்களின் மருந்துச் செலவுதான் அது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு, இதயத்துக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று நாள்தோறும் விழுங்கியாக வேண்டிய மாத்திரைகளை ஆயுள் உள்ளவரை நிறுத்த முடியாது. வாடகையைக்கூட ஒரு மாதம் தவணை சொல்லித் தள்ளிப்போடலாம். இந்தச் செலவைத் தள்ளிப்போட முடியாது.

'நாங்கள்தான் காப்பீடு எடுத்திருக்கிறோமே' என்று பலர் நினைக்கக்கூடும். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார்கள். அரசு கொடுத்த ஆயுஷ்மான் அட்டையும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுடன் மருந்துக் கடைக்குப் போய் நிற்கும்போதுதான், இந்த இரண்டுமே அங்கே செல்லுபடியாகாது என்பது தெரிகிறது. நம் நாட்டில் 'மருத்துவக் காப்பீடு' என்ற பெயரில் வழங்குவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் காப்பீடே. கட்டிலில் படுத்தால் பணம் வரும். நடமாடிக்கொண்டு மாத்திரை சாப்பிட்டால் வராது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாந்துபோகும் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் ஏராளம். ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

முதலில் தனியார் மற்றும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் சாதாரண பாலிசியை எடுத்துக்கொள்வோம். நோயாளி ஆஸ்பத்திரியில் குறைந்தது 24 மணி நேரம் தங்கிச் சிகிச்சை பெறவேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. கண்புரை அறுவை, டயாலிசிஸ் போன்ற சில சிகிச்சைகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் கொடுக்கப்படும் மருந்து பில்லில் சேரும். சேர்வதற்கு முன் சில நாட்களுக்கும், வீடு திரும்பிய பின் சில நாட்களுக்கும் அதே நோய்க்காக வாங்கிய மருந்தும் சேரும். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கவேண்டும் என்று 2020 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில் இது முன்னால் 30 நாள், பின்னால் 60 நாள். அறுபத்தோராவது நாள் முதல் அதே மாத்திரைக்கு நாமே பொறுப்பு.

எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் விரிவாக்கத் திட்டம் வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. வருமானம் எவ்வளவு, ரேஷன் கார்டு என்ன நிறம் என்ற கேள்விகளே இதில் கிடையாது. ஆதார் அட்டையின்படி 70 வயது நிறைந்திருந்தால் போதும். 'ஆயுஷ்மான் வய வந்தனா' என்ற அட்டை கிடைக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கணவன் மனைவி இருவருமே எழுபதைக் கடந்தவர்களானால் இந்தத் தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். முன்பே ஆயுஷ்மான் திட்டத்தில் உள்ள குடும்பமானால், அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு இது தனியாக மேற்கொண்டு கிடைக்கும் தொகை. இ.எஸ்.ஐ. வசதியோ தனியார் பாலிசியோ உள்ளவர்களும் இதைப் பெறத் தடையில்லை. இந்தத் திட்டம் தொடங்கியபோது நாடெங்கும் ஏறத்தாழ 6 கோடி முதியோர் இதனால் பயன்பெறலாம் என்று மத்திய அரசு கூறியது.

ஆனால் இந்த அட்டையின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். இதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான திட்டமே. சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான மருந்துச் செலவும் இதில் அடங்கும். புற்றுநோய்க்கான கீமோதெரபியும் டயாலிசிஸும் சிகிச்சைத் தொகுப்புகளில் இருப்பதால், அந்த நோயாளிகளுக்கு இது பெரும் ஆறுதல். மற்றபடி, வெளிநோயாளியாக டாக்டரைப் பார்த்து மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் இந்த அட்டையில் ஒரு காசும் கிடைக்காது.

இதில்தான் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. முதுமையின் நோய்கள் ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போகும் நோய்கள் அல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா ஆகியவற்றை மாத்திரையால்தான் கட்டுக்குள் வைத்திருக்க முடியும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமலே பல ஆண்டுகள் நடமாடலாம். கையில் பணமில்லாமல், காலை மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவரும், மாதக் கடைசியில் பத்து நாட்கள் மாத்திரை இல்லாமலே ஓட்டுகிறவரும் பக்கவாதத்திலும் சிறுநீரகக் கோளாறிலும் கொண்டுபோய் விடப்படுகிறார்கள். அதன்பின் ஆஸ்பத்திரிக்கு லட்சக்கணக்கில் கொடுக்கக் காப்பீடு தயாராக இருக்கிறது; அந்த நிலை வராமல் தடுக்கும் சில நூறு ரூபாய் மாத்திரைக்கு மட்டும் அது தயாராக இல்லை. யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குப் பிணங்கும் கதைதான் இது.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் சொந்தப் பையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-ல் 64.2 சதவிகிதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது என்று மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. இது முன்னேற்றமே. ஆயினும் நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது ரூபாயை நோயாளியின் குடும்பமே கொடுக்கிறது என்பது சிறிய சுமை அல்ல. வெளிநோயாளிச் செலவில் மிகப் பெரிய பங்கு மருந்துக்கே போகிறது. ஆகவே மருந்தைத் தொடாத காப்பீடு, நோயாளியின் சுமையில் பாதியைத் தொடாமலே விட்டுவிடுகிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

மருந்தையும் சேர்த்துக் காப்பது நம் நாட்டுக்குப் புதிய கொள்கையும் அல்ல. 1948-ல் நிறைவேறிய சட்டத்தின்படி 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு தொடங்கிவைத்த இ.எஸ்.ஐ. திட்டம், தொழிலாளிக்குக் கட்டிலையும் கொடுத்தது, மாத்திரையையும் கொடுத்தது. 1954-ல் டில்லியில் தொடங்கிய மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.-ஸும் அதே வழியில் சென்றது. ரயில்வே தன் ஊழியர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரிகளையே வைத்திருக்கிறது. நோயாளிக்கு வேண்டிய மருந்தைக் கொடுப்பதே வைத்தியத்தின் பெரும் பகுதி என்பதை அந்தத் திட்டங்களை வகுத்தவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே இந்த உண்மையை உணர வெகு காலம் பிடித்தது. அங்கே முதியோருக்கான 'மெடிகேர்' காப்பீடு 1965-ல் சட்டமாயிற்று. ஆனால் வீட்டில் இருந்து சாப்பிடும் மாத்திரைகளுக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையைப் போக்க 2003-ல் ஒரு சட்டம் நிறைவேறி, 2006-ல்தான் மருந்துக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும் செலவு கட்டுக்கடங்காமல் போனதால், ஒரு முதியவர் அந்தக் காப்பீட்டில் உள்ள மருந்துகளுக்காகச் சொந்தமாகச் செலவிடும் தொகை ஆண்டுக்கு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது என்று 2025 முதல் உச்சவரம்பு விதித்தார்கள். 2026-ல் அது 2,100 டாலர். நாற்பது ஆண்டுகள் கழித்து அவர்கள் கண்ட பாடத்தை நாம் 1952-லேயே கண்டிருந்தோம். இ.எஸ்.ஐ.யில் கண்ட பாடத்தைப் புதிய திட்டங்களில் ஏன் மறந்தோம் என்பதே நம் கேள்வி.

இ.எஸ்.ஐ.யிலும் முதுமை வந்தவுடன் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. வேலையில் இருக்கும்வரை சம்பளத்தில் 0.75 சதவிகிதம் தொழிலாளியிடமும், 3.25 சதவிகிதம் முதலாளியிடமும் பிடிக்கப்படுகிறது. இது 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் அன்று, மருந்தும் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. குறைந்தது 5 ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயது அடைந்தோ விருப்ப ஓய்விலோ வெளியேறுகிறவர், ஆண்டுக்கு 120 ரூபாயை மொத்தமாகக் கட்டினால், அவரும் அவர் மனைவியும் இ.எஸ்.ஐ. வைத்திய வசதியைத் தொடர்ந்து பெறலாம் என்று விதி இருக்கிறது. பெண் தொழிலாளியானால் அவருடைய கணவருக்கும் இது பொருந்தும். மாதம் பத்து ரூபாய்! இவ்வளவு மலிவாகக் காப்பீடு கிடைப்பது அரிது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் எத்தனை தொழிற்சாலைகளில், ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போடும் நாளன்று இந்தச் செய்தியையும் சொல்லி அனுப்புகிறார்கள்?

இன்னொரு பள்ளமும் உண்டு. இ.எஸ்.ஐ.யில் சேருவதற்கான சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சம்பளம் சிறிது கூடி அந்த வரம்பைத் தாண்டியதுமே திட்டத்திலிருந்து வெளியேறிவிட்ட குமாஸ்தாக்கள் பலர். ஓய்வு பெறும்போது அவர்கள் இ.எஸ்.ஐ.யிலும் இல்லை, வேறு எதிலும் இல்லை. இப்படி வரம்பைத் தாண்டியதால் வெளியேறி, பின்னர் ஓய்வு பெற்றவர்களுக்கும் சில நிபந்தனைகளுடன் வைத்திய வசதி அளிக்க 2024 பிப்ரவரியில் இ.எஸ்.ஐ. கழகம் ஒப்புதல் அளித்தது. 2017 ஏப்ரலுக்குப் பின் ஓய்வு பெற்ற, மாதச் சம்பளம் 30,000 ரூபாய்க்கு மிகாத நம் வாசகர்கள், பழைய காப்பீட்டு எண்ணையும் ஓய்வுச் சான்றையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

இது எவ்வளவு அவசியம் என்பதை ஓய்வூதியக் கணக்கு காட்டும். வருங்கால வைப்பு நிதியுடன் இணைந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு, கம்பெனிப் பெயரில் எழுதப்பட்ட மருந்துகளுக்கே அது முழுவதும் போய்விடக்கூடும். அரிசிக்கு யாரிடம் கையேந்துவது? பிள்ளைகளிடம் கேட்கக் கூசி, மாத்திரையைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கிறார்கள்.

அரசு ஊழியர்களாக இருந்தவர்களின் நிலை சற்று மேல். மத்திய அரசு ஓய்வூதியர்கள் சந்தா கட்டி சி.ஜி.எச்.எஸ்.-ஸில் சேரலாம், பத்து ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்டினால் ஆயுள் முழுவதும் வசதி உண்டு. அந்தத் திட்டம் இல்லாத ஊரில் குடியிருப்பவர்களுக்கு நிலையான மருத்துவப் படி வழங்கப்படுகிறது. இது 2017 ஜூலையில் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணி ஓய்வுக்குப் பின் சொந்த ஊரான திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ திரும்ப நினைப்பவர்கள், படியா, அட்டையா என்பதை அவசரப்படாமல் யோசித்து முடிவு செய்யவேண்டும். மாத்திரை அதிகம் தேவைப்படுகிறவர், படிப் பணத்தை விட மருந்தாகவே பெறுவதுதான் லாபம் என்று காணக்கூடும். ரயில்வேயில் ஓய்வு பெறுகிறவர்கள் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான தொகையை ஒருமுறை கட்டி, ஓய்வு பெற்றோர் வைத்தியத் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இதைத் தட்டிக் கழிப்பவர்கள் பின்னால் வருந்துகிறார்கள்.

இனி, தனியார் பாலிசி வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாலிசி தரவேண்டும் என்ற கட்டாயம் முன்பு நிறுவனங்களுக்கு இல்லை. 2024 ஏப்ரல் முதல் அந்த வயது வரம்பு நீங்கியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருக்கவேண்டிய காலமும் 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாகக் குறைந்தது. 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பின், மோசடி என்று நிரூபித்தாலன்றி, நோயை மறைத்தார் என்ற காரணம் காட்டிப் பணம் தர மறுக்க முடியாது. இவை நன்மைகளே. ஆனால் 'சர்க்கரை இருக்கிறதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதச் சொல்லும் ஏஜெண்டின் பேச்சை யாரும் கேட்கக்கூடாது. இன்று மறைத்த சர்க்கரைதான் நாளை பில் கொடுக்கும்போது எதிரே வந்து நிற்கும்.

பாலிசியில் இரண்டு சொற்களைக் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். ஒன்று 'கோ-பேமென்ட்'. பில் தொகையில் இத்தனை சதவிகிதம் நோயாளியே கொடுக்கவேண்டும் என்பது இதன் பொருள். முதியோர் பாலிசிகளில் இது சர்வசாதாரணம். 20 சதவிகிதம் என்று எழுதியிருந்தால், 2 லட்சம் ரூபாய் பில்லுக்கு 40,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். பிரீமியம் மலிவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். மற்றொன்று 'டொமிசிலியரி' சிகிச்சை. வீட்டில் இருந்தபடி சாப்பிடும் மாத்திரைக்குப் பணம் கிடைக்கும் என்று இதைக் கேட்டவுடன் தோன்றும். உண்மையில், ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டிய நோயாளியை, கொண்டுசெல்ல முடியாத நிலையாலோ கட்டில் கிடைக்காததாலோ, வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை செய்வதைத்தான் இது குறிக்கும். மாத மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாத மருந்துக்குப் பணம் வேண்டுமானால் 'ஓ.பி.டி.' வசதி என்று பாலிசியில் தனியாக எழுதியிருக்கவேண்டும். அதிலும் ஆண்டுக்கு எத்தனை ரூபாய் வரை, மருந்தும் உண்டா அல்லது டாக்டர் கட்டணம் மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்காகக் கூடுதலாகக் கட்டும் பிரீமியத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். சில ஆயிரம் ரூபாய் மருந்துக்காக அதே அளவு பிரீமியம் கட்டுவதில் என்ன பயன்?

இங்கிலீஷில் அச்சடித்த நாற்பது பக்கப் பாலிசியை யார் படிப்பது என்று சலித்துக்கொள்ளத் தேவையில்லை. பாலிசியின் சாரத்தை எளிய நடையில் தரும் தகவல் தாள் ஒன்றை நிறுவனம் கொடுக்கவேண்டும் என்பதும், வாடிக்கையாளர் விரும்பினால் வட்டார மொழியில் அதைத் தரவேண்டும் என்பதும் 2024 ஜனவரி முதல் விதி. தமிழில் கேட்டு வாங்குங்கள். புதிய பாலிசி பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பணம் தர மறுத்தாலோ, புகாருக்கு 30 நாட்கள் வரை பதில் இல்லையென்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மும்பையிலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. முதியோர் பாலிசியின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்த, ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்துகொண்டாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. பெரும்பாலான மருந்துகளுக்கான வரியும் அன்று முதல் 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. குறைந்த வரியின் பயன் நம் பில்லில் வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பது நம் கடமை.

வருமான வரி கட்டும் குமாஸ்தாக்களுக்கு மற்றொரு செய்தி. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள், 60 வயது நிறைந்த பெற்றோருக்குக் காப்பீடு இல்லாதபோது, அவர்களுக்காகச் செலவிட்ட மருத்துவச் செலவை ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ அட்டை மூலமாகவோ செலுத்தியிருக்கவேண்டும், பில்லும் வேண்டும். மருந்துக் கடைச் சீட்டைக் கசக்கி எறிகிறவர்கள் பணத்தையே கசக்கி எறிகிறார்கள்.

காப்பீடு கைகொடுக்காத இடத்தில், மருந்தின் விலையைக் குறைப்பதுதான் வழி. இதுவும் பழைய பிரச்சினைதான். ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையில் அமைந்த குழு 1975-லேயே, மருந்துகளின் கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து மூலப் பெயரில் விற்கவேண்டும் என்று பரிந்துரை செய்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கம்பெனிப் பெயர்கள் பெருகியதே தவிர ஒழியவில்லை. 2013-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு உச்ச விலை நிர்ணயிக்கிறது. 2022 செப்டம்பரில் வெளியான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் இடம்பெற்றன. பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையையோ ஆண்டுக்கு 10 சதவிகிதம் வரை கம்பெனிகள் தாமாகவே உயர்த்திக்கொள்ளலாம்.

ஒரே மருந்தின் விலையில் எவ்வளவு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. சர்க்கரை வியாதிக்கும் இதயக் கோளாறுக்கும் தரப்படும் எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை, காப்புரிமை இருந்த காலத்தில் ஒன்று ஏறத்தாழ 60 ரூபாய். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் இந்தியக் கம்பெனிகள் பல அதைத் தயாரித்தன. பத்து ரூபாய்க்கும் குறைவாகவே சில கம்பெனிகள் விற்றன. பழைய சீட்டை நீட்டிப் பழைய பெயரிலேயே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த லாபம் போய்ச் சேரவில்லை. டாக்டர்கள் மூலப் பெயரில், தெளிவான எழுத்தில் மருந்து எழுதவேண்டும் என்று 2016-ல் திருத்திய மருத்துவ ஒழுக்க விதி கூறுகிறது. ஆகவே, 'இதே மருந்தை மூலப் பெயரில் எழுதித் தாருங்கள்' என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல; நோயாளியின் உரிமை.

அப்படி எழுதி வாங்கிய சீட்டுடன் மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடைக்குப் போனால், கம்பெனி விலையில் 50 முதல் 80 சதவிகிதம் வரை குறைவாக வாங்கலாம். 2008-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2025-ல் கடைகளின் எண்ணிக்கை 15,000-ஐத் தாண்டியது. புற்றுநோய், இதய நோய் மருந்துகளைத் தள்ளுபடியில் தரும் 'அம்ரித்' மருந்தகங்கள் 2015 முதல் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. ஆனால் எச்சரிக்கை ஒன்று: மூலப் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, மில்லிகிராம் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டு மருந்து கலந்த மாத்திரையா, மெதுவாகக் கரையும் மாத்திரையா என்பதையும் பார்க்கவேண்டும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் ஆபத்து.

பிற மாநிலத்தில் பிழைக்கும் நமக்கென்று தனியான சங்கடங்களும் உண்டு. பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் தாராவியிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் நோக்கம் கொண்டது. ஊரில் தனியே இருக்கும் தாயாருக்கு இதன் அருமை தெரியும். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மும்பைக்கு அழைத்துவந்தோமானால் அந்த வசதி அங்கேயே நின்றுவிடுகிறது. இங்கே வந்த பின், சீட்டும் இல்லாமல், எந்த மாத்திரை என்றும் தெரியாமல், 'வெள்ளையாக ஒன்று, சிவப்பாக ஒன்று' என்று கடைக்காரரிடம் அடையாளம் சொல்லி வாங்குவது நடக்கிறது. இது விபரீதத்தில் முடியக்கூடும். ஊரை விட்டுப் புறப்படும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் எழுதி வாங்கிவரவேண்டும். பழைய மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரவேண்டும்.

இங்கே வந்தவர்களுக்கும் கதவுகள் அடைபட்டிருக்கவில்லை. மும்பை மாநகராட்சி 2022 நவம்பரில் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மருந்தகங்கள் இலவசமாக நோயாளிகளைப் பார்த்து மருந்து தருவதற்காக அமைக்கப்பட்டவை. மகாராஷ்டிர அரசின் பொது சுகாதாரத் துறை ஆஸ்பத்திரிகளில் 2023 ஆகஸ்ட் 15 முதல் சிகிச்சை இலவசமாக்கப்பட்டது. சயானிலும் பரேலிலும் மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மராத்தியும் இந்தியும் தெரியாத முதியவர்கள் அங்கே வரிசையில் நின்று தடுமாறுவதும், சீட்டு எழுதியபின் 'வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அனுப்பப்படுவதும்தான் குறை. வீட்டிலுள்ள இளைஞர்கள் மாதத்தில் அரை நாளை இதற்கென்று ஒதுக்கி, பெரியவர்களுடன் போய்வந்தால் பாதிக் குறை தீரும்.

மீதிக் குறையைத் தீர்க்கவேண்டியது அரசின் பொறுப்பு. எழுபது வயது நிறைந்தவர்களுக்கான அட்டையில் மாத மருந்தையும் சேர்க்கவேண்டும். எல்லா மருந்தையும் ஒரே நாளில் சேர்க்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா ஆகிய நான்குக்கு மட்டும், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை, அந்த அட்டையைக் காட்டி மக்கள் மருந்தகத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ள வழி செய்தால் போதும். அட்டை இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, பட்டியலும் இருக்கிறது. மூன்றையும் இணைக்கும் உத்தரவுதான் இல்லை. இதனால் தடுக்கப்படும் பக்கவாதமும் மாரடைப்பும் ஆஸ்பத்திரிச் செலவில் அரசுக்கே மிச்சமாகும்.

இ.எஸ்.ஐ. கழகம் செய்யவேண்டியதும் உண்டு. தொழிலாளி ஓய்வு பெறும் நாளிலேயே 120 ரூபாய் வசதி தானாகத் தொடரும்படி செய்யவேண்டும். அவர் அலுவலகத்துக்கு அலைந்து மனுப் போடும் நிலை கூடாது. ஓய்வு வயது வருமுன் ஆலை மூடப்பட்டு வீதிக்கு வந்த தொழிலாளர்களையும் இந்த வசதியில் சேர்க்கவேண்டும். பல ஆண்டுகள் சந்தா கட்டியவரை, ஆலை மூடியது அவர் குற்றம் என்பதுபோல் கைவிடுவது நியாயமாகாது.

நம் தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியை இதற்குத் தரலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டிடத்தில் மேஜை போட்டு, ஆதாரைக் கொண்டுவரும் பெரியவர்களுக்கு ஆயுஷ்மான் அட்டைக்குப் பதிவு செய்து கொடுக்கலாம். 14555 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்டுச் சொல்லலாம். ஓய்வு பெறப்போகும் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. மனுவை நிரப்பித் தரலாம். பாலிசியை வாசித்துப் பொருள் சொல்லத் தெரிந்த குமாஸ்தாக்கள் நம்மிடையே குறைவில்லை. அவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பத்துக் குடும்பங்கள் ஏமாறாமல் தப்பும்.

ஊரை விட்டு வந்து, இந்த நகரத்தின் ஆலைகளிலும் துறைமுகத்திலும் ரயில்வே பணிமனைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து ஓய்ந்தவர்கள்தாம் இன்று மருந்துக் கடை வாசலில் சில்லறையை எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் கேட்பது இலவசம் அல்ல. உழைத்த காலத்தில் கட்டிய சந்தாவுக்கும் வரிக்கும் உரிய பலனையே கேட்கிறார்கள். கட்டிலில் விழுந்த பிறகு 5 லட்சம் கொடுக்க முன்வரும் அரசு, விழாமல் இருப்பதற்கான மாத்திரையையும் கொடுக்க முன்வரவேண்டும். அதுவரை, இருக்கும் உரிமைகளையாவது கேட்டுப் பெறுவோம். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை இன்றிரவே ஒருமுறை திறந்து பார்ப்பது அதற்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.